கரிமரக் காட்டில் மூன்று மணி நேரம்

அப்பப்பா, என்ன காடு! கலிபோர்னியாவின் பிக் பேசின் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவுக்கு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை போய்வந்தேன். இன்னும் கண்ணை மூடினால் அந்தப் பறவைக் குரல்கள்தான்.

1902-ல் உருவான பூங்கா. அந்த மாநிலத்திலேயே மூத்தது. 2020 ஆகஸ்டில் மின்னல் மூட்டிய தீ அதை ஏறக்குறைய முழுவதும் எரித்தது. 2022-ல்தான் மறுபடி திறந்தார்கள். "எரிந்துபோன காட்டில் என்ன பறவை இருக்கப்போகிறது?" என்று வீட்டில் கேட்டார்கள். வந்து பார்த்திருக்க வேண்டும்!

ரெட்வுட் லூப் ஒரு கிலோமீட்டர் அளவுள்ள சின்னப் பாதைதான். எனக்கு மூன்று மணி நேரம் போதவில்லை. ஆயிரம் வயது தாண்டிய மரங்கள் அடியிலிருந்து கரிக்கட்டையாக நிற்கின்றன. ஆனால் அந்தக் கரியைப் பிய்த்துக்கொண்டு உடம்பெல்லாம் பச்சைத் தளிர்! தடித்த பட்டை நெருப்பைத் தாங்கிக்கொள்ள, அதன் அடியில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துக்கொண்டன. தளிரைத் தொட்டேன், பூப்போல இருந்தது. விரலிலோ கரி ஒட்டியது.

தலைக்கு மேலே "வாக்கா, வாக்கா" என்று ஒரே சத்தம். ஏகார்ன் மரங்கொத்திகள்! சிவப்புத் தொப்பி, வெள்ளை முகம், முழித்துப் பார்க்கும் வெளிர் கண். ஒரு பட்டமரம் முழுக்கச் சல்லடையாகத் துளை. துளைக்கு ஒரு ஓக் கொட்டை. குடும்பமே சேர்ந்து நிரப்பிக் காவல் காக்கும் குதிர் அது. பைனாகுலரில் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலகால் ஒரு கொட்டையைத் தட்டிப் பார்த்தது. காய்ந்து சுருங்கியதால் ஆடியது போலும். உருவி எடுத்து, வேறு துளைகளில் வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் சிறிய துளை ஒன்றில் 'டொக் டொக்' என்று அறைந்து இறுக்கியது. எங்கள் பாட்டி டப்பா மூடியைத் தட்டித் தட்டி மூடுவதேதான்!

பெரணிக்கு நடுவே கட்டைவிரல் பருமனில் ஒரு பசிபிக் ரென், வாலைத் தூக்கிக்கொண்டு மூச்சே விடாமல் பாடியது. அந்தச் சின்னத் தொண்டைக்கு அவ்வளவு பாட்டா!

ஆனால் என் மனம் முழுக்க நான் பார்க்காத பறவை ஒன்றின் மேல்தான். மார்பிள்ட் மர்ரலெட், கடலில் மீன் பிடித்து வாழும் பறவை. அது எங்கே முட்டையிடுகிறது என்பது வட அமெரிக்காவில் வெகுகாலம் புதிராகவே இருந்தது. 1974-ல் இதே பூங்காவில் மரமேறிய ஒருவர், ஏறத்தாழ 45 மீட்டர் உயரக் கிளையில் அதன் குஞ்சைக் கண்டார்! கூடு கட்டுவதில்லை, பாசி மெத்தையிட்ட அகலமான கிளையில் ஒரே ஒரு முட்டை. அந்த முட்டையைத் திருடுவது ஸ்டெல்லர் ஜே என்னும் பறவை. நாம் சிந்தும் சோற்றுக்கும் ரொட்டித் துணுக்குக்கும்தான் ஜேக்கள் இங்கே கூடுகின்றன.

எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததுமே வந்துவிட்டது ஒன்று. நீலச் சிறகு, கறுப்புக் கொண்டை, கொள்ளை அழகு! மேசைக் கோடியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. மேசையிலும் தரையிலும் குனிந்து தேடி, சிந்தியதையெல்லாம் கடுகு உட்பட ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். வெறுங்கையோடு அது பறந்துபோகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.