கால் மைல் ஓட்டத்தில் இடக்காலின் பங்கு

டிராக் பந்தயம் என்பது, நின்ற நிலையிலிருந்து புறப்படும் வாகனம் நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், தொலைவை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதை அளக்கும் போட்டியாகும். 1982 முதல் பந்தய அணி நடத்திவரும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும், அசோக் லேலண்ட் ஆலைகளும், அவற்றைச் சார்ந்த உதிரிபாகப் பட்டறைகளும் நிறைந்த ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எஞ்சினைப் பற்றிய அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், கையால் கியர் மாற்றும் ஸ்போர்ட்ஸ் காரின் நேரத்தைக் குறைக்க எண்ணுவோரின் கவனம் முதலில் குதிரைத்திறனைக் கூட்டுவதன் மீதே செல்கிறது. அதற்கு மாற்றாக ஓட்டுநரைப் பழக்கும் முறை எவ்வளவு பயன் தருகிறது, அதற்கு என்ன விலை கொடுக்க நேர்கிறது, முடிவில் கிடைக்கும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவை தனித்தனியே எடைபோடத் தக்கவை.

பயிற்சியின் முதன்மையான வலிமை புறப்பாட்டில் வெளிப்படுகிறது. டயர் தரையில் சற்றே வழுக்கியபடி உருளும்போதுதான், உருளும் வேகத்தைவிடப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கூடுதலாகச் சுழலும் நிலையில், அதன் பிடிமானம் உச்சத்தை எட்டுகிறது; அதற்கு மேல் சுழன்றால் ரப்பர் தேய்கிறதே தவிர கார் முன்னேறுவதில்லை, எஞ்சின் சுழற்சி குறைவாக இருக்கும்போது கிளட்சை விட்டாலோ கார் மூச்சுத்திணறித் தடுமாறுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய எல்லையைக் கண்டறிந்து, வழக்கில் 'ஹாஃப் கிளட்ச்' எனப்படும் பாதிப் பிடிப்பில் காரை நகர்த்துவதே இடக்காலின் திறமையாகும். முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் இது மேலும் கடினம். ஏனெனில் கார் பாயும்போது அதன் எடை பின்னோக்கிச் சாய்வதால், உந்துவிசை தேவைப்படும் அதே நொடியில் முன்டயர்களின் பிடி தளர்கிறது.

கியர் மாற்றத்தில் பயிற்சி தரும் பயன் இதைவிடக் குறைவு. அது எங்கு மாற்றப்படுகிறது என்பதையும் பொறுத்தது. மாற்றும் இடைவெளியில் கார் நின்றுவிடுவதில்லை, வேகம் கூடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால், ஓர் இடைவெளியால் ஏற்படும் இழப்பு, அப்போதைய வேகம் இறுதி வேகத்தைவிட எவ்வளவு குறைவோ அந்த விகிதத்தில் அமைகிறது. 140 கிலோமீட்டர் வேகத்தில் எல்லைக்கோட்டைக் கடக்கும் காரில், 50 கிலோமீட்டர் வேகத்தில் நிகழும் முதல் மாற்றத்தில் 0.2 நொடி மிச்சப்படுத்தினால் மொத்த நேரத்தில் 0.13 நொடி குறைகிறது. அதே மிச்சம் 90 கிலோமீட்டரில் 0.07 நொடியாகவும், 130 கிலோமீட்டரில் 0.02 நொடிக்கும் குறைவாகவும் சுருங்கிவிடுகிறது. இதே கணக்கின்படி, வேகமே இல்லாத புறப்பாட்டில் வீணாகும் காலம் குறைவின்றி முழுமையாக இறுதி நேரத்தில் சேர்கிறது. ஆகவே நான்காவது கியரை மின்னல் வேகத்தில் போடப் பழகுபவர் பார்வைக்குத் திறமையாளராகத் தோன்றினாலும், முதல் பதினெட்டு மீட்டரைச் செம்மைப்படுத்துபவரே உண்மையில் நேரத்தை வெல்கிறார்.

இத்திறமைக்கான விலையை இயந்திரம் செலுத்துகிறது. எஞ்சின் சுழற்சியை நிலையாக வைத்துக் கிளட்சை வழுக்கவிடும்போது, கார் பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழ நிகரான ஆற்றல் கிளட்ச் பிளேட்டில் வெப்பமாக மாறுகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் 40 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்வரை இப்படி வழுக்கினால் சுமார் 74 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். இது கால் லிட்டர் நீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. போதிய இடைவெளியின்றி அடுத்தடுத்துப் புறப்பட்டால் பிளேட் கருகி, உராய்வுத் திறனை இழக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கியர் மாற்றும் உத்தியோ, பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றிணைக்கும் சிங்க்ரோ வளையங்களைத் தேய்க்கிறது. இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கிப் பெட்டி இதே வேலையை மனிதக் கையைவிட விரைவாகவும், ஒவ்வொரு முறையும் ஒரே சீராகவும் செய்துமுடிப்பதால், நேரம் ஒன்றையே நோக்கமாகக் கொண்டவருக்குக் கைமுறைக் கியர் இன்று தகுந்த கருவியன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இம்முறையின் பெருங்குறை அளவீட்டில் உள்ளது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் அமைந்த ஓசூரில் காற்றின் அடர்த்தி சுமார் எட்டு விழுக்காடு குறைவு. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் அதே அளவில் குறையும். கால் மைல் நேரம் திறனின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 15.5 நொடியில் ஓடும் கார் இங்கு அரை நொடிக்குச் சற்றுக் குறைவான அளவு பின்தங்கும். மாறாக, ஓசூர் மேட்டிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கி இறங்கும் சாலையில் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு இருந்தாலே, அதே கார் ஏறத்தாழ 0.2 நொடி முந்தும். மூன்று கியர் மாற்றங்களையும் திருத்திப் பெறும் பயனுக்கு நிகரான இந்த மாற்றம், ஓட்டுநரின் முயற்சி ஏதுமின்றியே நிகழ்வதாகும். இடமும் சரிவும் வெப்பநிலையும் குறிக்காமல் கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணைச் சாதனையாகக் கொள்வது, கடிகாரம் செய்யும் டைட்டன் ஆலை அமைந்த ஊருக்குப் பொருந்தாத அளவீட்டு அலட்சியமாகும்.

அந்த எண்ணைப் பொதுச்சாலையில் தேடுவதோ குறை என்பதைக் கடந்து குற்றமாகிறது. மாநில அரசின் எழுத்துவழி ஒப்புதலின்றிப் பொதுவிடத்தில் பந்தயம் நடத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு தடைசெய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறையோ, ₹5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சரக்கு லாரிகளும் பணிமுறை மாறும் தொழிலாளர் பேருந்துகளும் இடைவிடாது ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44இல், சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், பிறர் உயிரைப் பணயம் வைக்கும் சோதனைக்கு எந்த நியாயமும் இல்லை.

ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் கிளட்சோ கியரோ இல்லாத மின்வாகனங்களை ஆக்கிவரும் நிலையில் இடக்காலின் கலை சுருங்கிவருவது உறுதி. எனினும் டயரின் பிடிமான எல்லையை உணரும் திறன் மின்வாகனத்துக்கும் வேண்டியதே. இப்பயிற்சியின் நிலையான மதிப்பு அந்த உணர்விலும், தன் பிழையைத் தானே அளந்து திருத்தும் ஒழுக்கத்திலும் இருக்கிறது. அதைப் பேண, மொத்த நேரத்தோடு முதல் பதினெட்டு மீட்டர் நேரத்தையும் இறுதி வேகத்தையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும். இறுதி வேகம் பெரிதும் எஞ்சினின் திறனையும், முதல் பதினெட்டு மீட்டர் பெரிதும் ஓட்டுநரின் திறனையும் காட்டுவதால், முன்னேற்றம் யாருடையது என்பது அப்போதுதான் தெளிவாகும். ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் உள்ள தனேஜா நிறுவனத்தின் விமான ஓடுதளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. கால் மைல் ஓடியபின் நிறுத்தவும் போதிய இடம் தரும் அத்தகைய மூடிய தளத்தில், உரிய ஒப்புதலுடனும் ஒளிக்கதிர் அளவிகளுடனும் நடத்தப்படும் ஓட்டமே இப்பயிற்சிக்குத் தகுதியான களமாகும்.