நூலாக் கலிங்கமும் கொல்லாமையும்

திருக்கோணமலையிலே கோணேசர் திருவிழாக் காலத்தும், பத்திரகாளி அம்பாள் கோயில் விழாவின்போதும், பட்டுடுத்து வருதல் தூய்மைக்கும் பக்திக்கும் அறிகுறியாகக் கொள்ளப்படுகின்றது. புலாலை முற்றாக நீக்கி விரதங் காப்பவர்கள் அவ்விரத நாளிலேயே பட்டினை விரும்பி அணிவர். பருத்தி தீட்டுக்குட்படும், பட்டு உட்படாது என்பது வழக்கு. ஆயின் அப்பட்டு எவ்வாறு பெறப்படுகின்றது என்பதை நோக்குமிடத்து, உணவிலே காக்கப்படும் அறம் உடையிலே நெகிழ்ந்து விடுகின்றமை புலனாகும். இம்முரணைப் பழைய நூல்கள் எவ்வளவிற்கு எதிர்கொண்டன என்பது ஆராயற்பாலது.

முசுக்கட்டை இலையை உண்டு வளரும் பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கட்டும் கூடு, ஏறத்தாழ 600 முதல் 900 மீற்றர் வரை நீளமுள்ள ஒரே இழையால் ஆயது. உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி வெளிப்படுமாயின் கூடு துளைபட்டு இழை அறும். ஆகவே பூச்சி வெளிவருமுன்னரே, கூடுகளை ஆவியிலோ வெயிலிலோ இட்டுப் புழுவைக் கொன்று, பின் வெந்நீரில் அமிழ்த்தி இழையைச் சுற்றி எடுப்பர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். பட்டின் வழவழப்பும் ஒளியும் இழை அறாமையால் வருவன. இழை அறாமையோ கொலையால் வருவது.

இவ்விடத்திற் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்திலே வரும் ‘நூலாக் கலிங்கம்’ என்னும் தொடர் கருதத்தக்கது. ‘நூலா’ என்பது ‘நூற்கப்படாத’ எனப் பொருள்படும். பழையவுரைகாரர் இதனைப் பட்டு எனக் கொண்டார். பருத்தி கதிரிலே நூற்கப்படுவது, பட்டு புழுவினால் நூலாகவே தரப்படுவது என்னும் வேறுபாட்டினை ஒரு சொல்லிலே அடக்கிய புலவர் குமட்டூர்க் கண்ணனாரின் நுண்மை வியத்தற்குரியது. ஆயினும் அவ்வுரையை ஏற்குமிடத்து, அத்தொடர் தன்னையறியாமலே பிறிதொரு செய்தியையும் கூறிவிடுகின்றது. நூற்க வேண்டாத இழை, அறாத இழை. அறாத இழை வேண்டுமாயிற் பூச்சி வெளிவரலாகாது. கொல்லாது பெறும் பட்டெல்லாம், துளைபட்ட கூட்டைப் பஞ்சுபோற் பிரித்து நூற்றே ஆகவேண்டியது. எனவே ‘நூலா’ என்னும் அடைமொழிக்கு அது என்றும் உரியதாகாது.

அறநூல்களுக்கு வருவோம். புலான்மறுத்தல் அதிகாரத்திலே வள்ளுவர், உண்பதற்காக உலகத்தார் கொல்லாராயின் விலைக்கு ஊன் தருவாரும் இரார் என்னும் கருத்தினை நிறுவுகின்றார். இது வாணிகத்தின் இயல்பை அறிந்து கூறிய வாதம். ஊனுக்குப் பொருந்துவது பட்டுக்கும் பொருந்தும். எனினும் அவ்வதிகாரத்திலே உடையைப் பற்றிய பேச்சு இல்லை. 1936ஆம் ஆண்டு அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த நீலகேசியில் அவ்வாதம் மேலும் கூர்மை பெறுகின்றது. தாம் கொல்லாமற் பிறர் கொன்ற ஊனை உண்பதிற் பாவமில்லை எனும் பௌத்தரைச் சமண நீலகேசி மறுக்கின்றாள். விலை கொடுப்பவனே கொலைக்குக் காரணனாகின்றான் என்பது அவள் வாதத்தின் சாரம். தருக்க வன்மையில் இதனை விஞ்சும் பகுதிகள் தமிழிலே மிகச் சிலவே.

ஆயினும் பட்டைப் பொறுத்தவரை பௌத்தர் நூல் முந்திக்கொண்டது என்பதை ஒப்பவேண்டும். பாளி விநயபிடகத்திலே ஒரு செய்தி உண்டு. பிக்குகள் சிலர் ஆளவி நகரத்துப் பட்டுத் தொழிலாளரிடம் சென்று, புழுக்களை அவித்துத் தமக்கும் பட்டுத் தருமாறு கேட்டனர். மனைவி மக்களைக் காப்பதற்காக இத்தனை சிற்றுயிர்களை அழிக்கும் தீவினை தங்களுக்கு நேர்ந்ததே என அத்தொழிலாளர் நொந்துகொண்டதோடு, துறவிகளும் இதனைக் கேட்கலாமோ எனப் பழித்தனர். அதன்பின் பட்டுக் கலந்த விரிப்புப் பிக்குகளுக்கு விலக்கப்பட்டது. நீலகேசியின் தருக்கத்திலே விற்பவனும் வாங்குபவனும் பெயரளவில் நிற்கின்றனர். ஆளவிக் கதையிலோ கொதிநீர்ப் பானையின் அருகிருந்தவனே பேசுகின்றான். இலக்கியம் என்ற வகையில் இச்சிறு செய்தி நீலகேசியின் வாதத்தினும் உயர்ந்தது என்றே கூறல் வேண்டும்.

அண்மைக் காலத்திலே காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் பட்டினைக் கைவிடுமாறு அடியார்க்கு அறிவுறுத்தினார். 1990ஆம் ஆண்டினை ஒட்டி, அப்போதைய இந்தியக் குடியரசுத் தலைவர் இரா. வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார், கொல்லாது நெய்த பட்டுச் சேலை கிடைக்குமா என வினவியதாகவும், ஆந்திர மாநிலக் கைத்தறித் துறையிற் பணியாற்றிய குசும ராஜையா அதன் பயனாகப் பூச்சி வெளிவந்த கூடுகளிலிருந்து நூல் நூற்கும் முறையை வகுத்ததாகவும் கூறுவர். ‘அகிம்சைப் பட்டு’ என்னும் பெயர் இவ்வாறு பரவலாயிற்று. இதற்கும் தடையுண்டு: தாய்ப்பூச்சி ஒன்று முந்நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். அவையெல்லாம் பொரித்தால் உண்ண இலை ஏது?

ஆயின் அப்பெயர் பெரிதும் வழங்குவது வடகிழக்கிந்திய மலைநாட்டு எரிப்பட்டுக்கே. அசாமிலே போடோ, கார்பி, மிசிங் முதலிய குடியினரும் மேகாலயத்திலே காசி இனத்தவரும் ஆமணக்கிலை ஊட்டி இப்புழுவை வளர்க்கின்றனர். கோணமலை வேலியோரத்திலும் முளைக்கும் ஆமணக்கே அது. இதன் கூடு ஒருபுறம் திறந்தது. இழை தொடர்ச்சியற்றது. ஆகவே புழுவைக் கொல்லாமலே கூட்டை எடுத்துப் பெண்கள் தக்கிளியில் நூற்று, தம் இல்லத் தறியிலேயே போர்வை நெய்வர். பார்வைக்குக் கம்பளிபோல் மங்கிய இத்துணி குளிருக்கு இதமானது, பல்லாண்டு உழைப்பது. தொழிற்றிறனிற் காஞ்சிபுரத்துக்கு இது குறைந்ததன்று.

எனினும், கூட்டிலிருந்து எடுக்கப்படும் எரிப்புழு அம்மக்களுக்கு விருப்பமான உணவு. பல இல்லங்களிலே உணவே முதல் நோக்கம், கூடு அதன்பிற் கிடைக்கும் பயன். எனவே நகரத்து வணிகர், ‘துணிக்காகக் கொல்லப்படவில்லை’ என்று கூறுவது பொய்யன்று. ஆயின் ‘எனக்காகக் கொல்லப்படவில்லை’ என்று கூறி ஊனுண்ட பௌத்தரின் விடையும் அதுவேயன்றோ? கூட்டுக்கு விலை ஏறினால் வளர்ப்பும் பெருகும், புழுவும் பெருகி மாளும் என நீலகேசி எளிதில் மடக்கிவிடுவாள்.

இனி, அப்பெயரை மெய்யாக்கும் பொருட்டுப் புழுவை உண்ணலாகாது என வாங்குபவர் நிபந்தனை விதிப்பாராயின், கோயில் வீதியில் ஒருவர் பெறும் தூய்மைக்கு மலையிலே ஓர் ஏழைப் பெண்ணின் உணவு விலையாகும். பட்டின்றியே வழிபடலாம் என்பதை விரதகாரர் எண்ணாது, பிறர் அடுப்பைத் திருத்த முற்படுதல் விந்தையே. எரித்துணியை எரித்துணி என்றே சொல்லி, நூற்றவளுக்கு உரிய கூலியைக் கொடுத்து வாங்குவதில் அத்தகைய இடர் எதுவுமில்லை. காசிப் பெண்கள் தாம் நெய்யும் இத்துணியை ‘ரிண்டியா’ என்பர். ‘அகிம்சை’ என்பது அதனை வாங்குவோர் இட்ட பெயர்.