புக்கிட் கியாராவின் வெற்றிக்கிண்ணம்: பெண்கள் கோல்ஃப் பெரும்போட்டியும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

பெண்கள் தொழில்முறைக் கோல்ஃப் ஆட்டத்தில் 'மேஜர்' என்னும் உயர்தகுதி இன்று ஐந்து போட்டிகளுக்கு மட்டுமே உண்டு: அமெரிக்காவில் நடைபெறும் செவ்ரான் சாம்பியன்ஷிப், அமெரிக்கப் பெண்கள் ஓபன், கேபிஎம்ஜி பெண்கள் பிஜிஏ சாம்பியன்ஷிப் ஆகிய மூன்றும், பிரான்ஸின் ஏவியன் சாம்பியன்ஷிப்பும், பிரிட்டனின் ஏஐஜி பெண்கள் ஓபனும். இவற்றுள் ஒன்றுகூட இதுவரை ஆசிய மண்ணில் நடந்ததில்லை. எனினும், இவற்றை வென்றவர்கள் வந்து மோதும் போட்டியொன்று 2010 முதல் 2017 வரை சைம் டார்பி நிறுவனத்தின் பெயரிலும், 2023 முதல் மேபேங்க் வங்கியின் பெயரிலும், கோலாலம்பூரின் புக்கிட் கியாராவிலுள்ள கோலாலம்பூர் கோல்ஃப் அண்ட் கண்ட்ரி கிளப்பில் நடந்திருக்கிறது. 1950-இல் அமெரிக்காவில் 13 வீராங்கனைகள் கூடி நிறுவிய எல்பிஜிஏ என்னும் பெண்கள் தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தின் ஆண்டுச் சுற்றில் இது ஓர் அங்கம். பெரும் நிறுவனமொன்றின் பணத்தைக் கொண்டு உலகத்தரப் போட்டியை நகருக்கு வரவழைக்கும் இந்த நடைமுறை, அம்பாங்கிலோ கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ வளரும் ஒரு சிறுமிக்கு எதைத் தருகிறது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

முதலில் நிறையைச் சொல்வதே நேர்மை. புக்கிட் கியாராவில் வென்றவர்களின் வரிசை வியக்கத்தக்கது. 2011-இல் இங்கு வென்ற தென்கொரியாவின் சோய் நா-யோன் அடுத்த ஆண்டே அமெரிக்கப் பெண்கள் ஓபனை வென்றார். 2012-இல் வென்ற பார்க் இன்-பி 2013-இல் அடுத்தடுத்து மூன்று மேஜர்களைக் கைப்பற்றினார். 2013-இல் வென்ற லெக்சி தாம்சன் அடுத்த வசந்தத்தில் தம் முதல் மேஜரை வென்றார். 2014-இலும் 2016-இலும் வென்ற ஃபெங் ஷான்ஷான், மேஜர் வென்ற முதல் சீன வீராங்கனை என்னும் பெருமையுடன் இங்கு வந்தவர். போட்டி மீண்டும் தொடங்கிய 2023-இல், அதே ஆண்டில் ஏவியனை வென்ற முதல் பிரெஞ்சுப் பெண்மணியான செலின் பூட்டியே, தாய்லாந்தின் அத்தயா திதிகுலோடு சமநிலையில் முடித்தபின், முடிவு காண ஒன்பது குழிகள் கூடுதலாக ஆடி வென்றார். 2024-இல் யின் ருவோனிங், 2025-இல் யமாஷிதா மியு என்று அவ்வரிசை தொடர்கிறது. பதினொரு போட்டிகளுள் ஒன்பதை மேஜர் வென்றவரோ பின்னர் வெல்லவிருந்தவரோ வென்றிருக்கிறார் என்பதால், ஆட்டத்தின் தரம்பற்றி ஐயுற இடமே இல்லை. இந்நாட்டு இளம்பெண் ஒருத்தி உலகின் தலைசிறந்த பெண் விளையாட்டாளர்களைத் தன் நகரிலேயே நேரில் காண முடிகிறது என்பது சிறிய பேறன்று. பெண்கள் விளையாட்டுக்கு இவ்வளவு பணமும் ஒளிபரப்பும் ஒதுக்கப்படும் நிகழ்ச்சிகள் இந்நாட்டில் மிகச் சிலவே.

ஆனால் மேஜர் ஒன்றை மேஜராக்குவது வெல்பவரின் புகழ் மட்டுமன்று. உள்ளே வருவதற்கான வழியும் அதில் ஒரு பகுதி. 1946-இல் தொடங்கிய அமெரிக்கப் பெண்கள் ஓபன் இதற்குச் சிறந்த சான்று. 'ஓபன்' என்ற சொல்லுக்கு ஏற்ப, தொழில்முறை ஆட்டக்காரரும், வரையறுத்த திறனளவை எட்டிய எந்த அமெச்சூரும், அதாவது பணத்துக்கு ஆடாதவரும், அதற்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் 36 குழிகள் ஆடும் தகுதிச்சுற்றுகளில் மோதி, 156 பேர் கொண்ட களத்தின் ஒரு பகுதியை நிரப்புகிறார்கள். 1967-இல் பிரான்ஸின் கத்தரீன் லகோஸ்த் அமெச்சூராகவே இப்போட்டியை வென்றார்; 2003-இல் ஹிலரி லங்கி தகுதிச்சுற்றின் முதற்படியிலிருந்தே ஏறிவந்து வென்றார். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பின்தங்கியோரை விலக்கும் 'கட்' என்னும் முறையும் அங்கு உண்டு. வாசல் அகலமாக இருப்பதும், உள்ளே வந்தபின் சலுகை இல்லாமையும் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன.

புக்கிட் கியாராவில் இவ்விரண்டும் தலைகீழாகின்றன. மேபேங்க் போட்டியின் களம் 78 பேருக்குள் அடங்குவது. பெரும்பாலான இடங்களைச் சுற்றின் தரவரிசையே நிரப்பிவிடுகிறது. மலேசியர்க்குக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். 'கட்' இல்லாததால் வந்தவர் அனைவரும் நான்கு நாளும் ஆடிப் பணத்துடன் திரும்புகிறார்கள். இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை: ஆசியப் பயணத்தின் செலவும் களைப்பும் பெரிது, ஆதரவு நிறுவனம் தான் அழைத்த நட்சத்திரங்கள் வெள்ளியன்றே விடைபெறுவதை விரும்பாது, அழைப்பில் வரும் உள்ளூர்ப் பெண் முதலிரு நாளில் தடுமாறினாலும் மேலும் இரண்டு சுற்றுகள் கற்றுக்கொள்கிறாள். இம்மூன்றில் கடைசியானதே உண்மையில் கனமான வாதம். ஆயினும், ஆண்டுக்கு நான்கு நாள் கிடைக்கும் அப்பாடம் ஒரு சிலருக்கே உரியது என்பதால், அது ஏணியாக ஆவதில்லை.

மலேசியப் பெண்கள் உயர்ந்த வழியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2014-இல் எல்பிஜிஏ சுற்றில் முழுநேர இடம்பெற்ற முதல் மலேசியரான கெல்லி தான், அமெரிக்கத் தகுதித்தேர்வு வழியாகவே அங்குச் சென்றார். அவருக்குப் பின் வந்த நத்தாஷா ஊன், ஆஷ்லி லாவ், அல்யா அப்துல்கனி ஆகிய மூவரும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆடி வளர்ந்தவர்கள். புக்கிட் கியாராவின் மேடை இவர்களுக்கு ஊக்கம் தந்திருக்கலாம். ஆனால் இவர்களுக்கு வழி அமைத்தவை அமெரிக்கத் தகுதித்தேர்வும் பல்கலைக்கழக அணிகளும்தான். அவ்வழியை எட்டும் வளம் இல்லாத வீட்டில் பிறந்த திறமைக்கு என்ன வழி என்பதற்குப் போட்டியை நடத்துவோர் இன்னும் விடை தரவில்லை.

தமிழ் வாசகர்க்கு இவ்வினா வெறும் விளையாட்டுச் செய்தியாக நின்றுவிடாது. மட்டைப் பை சுமக்கும் 'கெடி' வேலை வழியாக ஆட்டத்தை அருகிருந்து கற்ற எளிய குடும்பத்துப் பிள்ளைகள் இந்நாட்டில் இருந்திருக்கிறார்கள். மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் போன்ற தமிழ்ப் பெயர்கள் மலேசியத் தொழில்முறைக் கோல்ஃபில் மதிப்போடு பேசப்பட்ட காலமும் உண்டு. அவை அனைத்தும் ஆண்களின் பெயர்கள். பெண்களுக்கு அத்தகைய பக்கவழியும் அமையவில்லை. அம்பாங்கிலிருந்து சிறிது தொலைவில், ஜாலான் துன் ரசாக்கை ஒட்டி, 1893-இல் தோன்றிய ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் இருக்கிறது. 1962-இல் ஆண்களுக்கான மலாயா ஓபன் முதன்முதலாக நடந்தது அங்கேதான். அம்பாங்குக்குள்ளேயே டாருல் ஏசான் கிளப்பின் ஒன்பது குழித் திடல் உண்டு. ஆகவே, இப்பகுதி மக்களுக்குத் திடல் தொலைவில் இல்லை. உறுப்பினர் சந்தாவும் மட்டை, பயிற்சிக் கட்டணம் ஆகியவையுமே தொலைவை உண்டாக்குகின்றன.

புக்கிட் கியாரா என்ற பெயருக்குள்ளேயே இதைவிட ஆழமான கணக்கொன்று இருக்கிறது. இன்று கோல்ஃப் கிளப்பும் குதிரையேற்ற மையமும் பூங்காக்களும் இருக்கும் அப்பகுதி ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம். அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்டபோது, பால்மரம் வெட்டிய தொழிலாளர்களின் ஏறத்தாழ நூறு குடும்பங்கள், நிரந்தர வீடு வரும்வரை என்ற சொல்லுறுதியின்பேரில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் 'ரூமா பாஞ்சாங்' எனப்படும் நீளவீடுகளில் தற்காலிகமாகக் குடியமர்த்தப்பட்டன. அந்தத் தற்காலிகம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீண்டது. அவர்களுக்கான வீடுகளோடு உயரமான அடுக்குமாடிகளையும் ரிம்பா கியாரா பூங்காவில் எழுப்பவிருந்த திட்டம் எதிர்க்கப்பட்டு, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதன் மேம்பாட்டு ஆணையை ரத்துசெய்தது. பொதுப் பூங்காவைக் காத்த அத்தீர்ப்பு சரியானதே. ஆனால் தோட்டத்துக் குடும்பங்களின் வீட்டுக்கனவு மறுபடியும் தள்ளிப்போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், அதே குன்றின் பச்சைத் திடலில், 30 லட்சம் அமெரிக்க டாலர் பரிசுக்கான போட்டி நடந்தது. அந்த வழக்கில் கோல்ஃப் கிளப்புக்கோ வங்கிக்கோ பங்கில்லை. அவற்றின்மீது பழி சுமத்துவது முறையாகாது. எனினும், நிலத்தின் வரலாற்றை அறிந்தவர்க்கு, இப்போட்டி அவ்வட்டாரத்து எளியோர்க்குக் கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணம் எழாமல் இராது. அக்கடன் சட்டத்தில் எழுதப்பட்டதன்று, அறத்தில் எழுதப்பட்டது.

நிறுவனப் பணத்தை நம்பும் முறையின் இன்னொரு குறை, அதன் நிலையாமை. சைம் டார்பி 2017-க்குப் பின் விலகியதும் ஐந்து ஆண்டுகள் கோலாலம்பூரில் போட்டியே இல்லை. இது மலேசியாவுக்கு மட்டும் உரிய நோயன்று. கனடாவின் டூ மோரியே போட்டி, சிகரெட் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்ததால், அந்நாட்டின் புகையிலை விளம்பரத் தடை வந்ததும் மேஜர் தகுதியை இழந்தது. அந்தத் தகுதி 2001-இல் பிரிட்டனின் பெண்கள் ஓபனுக்குப் போயிற்று. 1972 முதல் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ மிராஜில் நடந்துவந்த போட்டி, செவ்ரான் நிறுவனம் பொறுப்பேற்றபின் 2023-இல் டெக்சஸுக்குப் பெயர்ந்தது. ஏவியன் 2013-இல் மேஜராக உயர்த்தப்பட்டதிலும் பணத்தின் கை உண்டு. மேஜர் என்பது வானிலிருந்து இறங்கிய தகுதியன்று, சங்கமும் ஆதரவாளரும் சேர்ந்து வழங்கும் தகுதி என்பதை இவை காட்டுகின்றன. வழங்கப்படும் தகுதி எனில், அதற்கு ஈடாக நிபந்தனை விதிக்கவும் முடியும்.

நிபந்தனையின் வலிமைக்கு ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட் சான்று. பெண்களை உறுப்பினராக ஏற்க மறுத்து 2016-இல் வாக்களித்த அக்கிளப்பை, ஆண்களின் பிரிட்டிஷ் ஓபனை நடத்தும் ஆர் அண்ட் ஏ அமைப்பு தன் திடல் வரிசையிலிருந்து நீக்கியது. மறு ஆண்டே கிளப் மனம் மாறியது. 2022-இல் பெண்கள் ஓபன் அங்கேயே நடந்து, தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய் வென்றார். பெரும்போட்டியொன்று தன் மதிப்பைப் பேரப்பொருளாகப் பயன்படுத்தினால், நூற்றாண்டுகள் பழமையான கதவும் திறக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கோலாலம்பூர்ப் போட்டிக்கும் அத்தகைய மதிப்பு உண்டு. அதை அது உள்ளூர்க் கிளப்புகளிடம் போதிய அளவு பயன்படுத்தியதாகத் தெரியவில்லை என்பதே இம்முறையின் மிகப் பெரிய குறை.

பொதுவழி திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதிதி அசோக்கைப் பார்க்கலாம். பெங்களூரில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சித் திடலில் சிறுமியாக மட்டை பிடித்தவர், 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒரு வீச்சு வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். ஒரு சங்கம் தன் திடலைச் சிறுவர்க்குத் திறந்து வைத்ததும், பெற்றோரின் விடாமுயற்சியும் சேர்ந்தபோது அது நிகழ்ந்தது. தென்கொரியாவில் 1998-இல் பாக் சே-ரி அமெரிக்கப் பெண்கள் ஓபனை வென்றதைத் தொலைக்காட்சியில் கண்ட சிறுமிகளே பின்னர் உலக கோல்ஃபை ஆண்டார்கள் என்பதும் உண்மை; ஆனால் காண்பது போதுமாக இருந்தது அங்கே பயிற்சிக்கு இடமும் பணமும் பின்தொடர்ந்ததால்தான்.

ஆகவே, புக்கிட் கியாராப் போட்டியைக் கைவிட வேண்டும் என்பதல்ல இக்கட்டுரையின் முடிவு. அது தொடர வேண்டும், மேலும் வளரவும் வேண்டும். ஆனால் அழைப்பால் நிரப்பப்படும் இடங்களில் பாதியையாவது நாடு முழுவதும் நடக்கும் திறந்த தகுதிச்சுற்றுக்கு விட வேண்டும். அச்சுற்றில் கட்டணம் இன்றிப் பள்ளி மாணவியரும் ஆட இடம் இருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் திடல்கள் வாரத்தில் ஒரு நாளேனும் தமிழ்ப்பள்ளி, மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளி என்ற வேறுபாடின்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறக்கப்பட வேண்டும். போட்டியின் பெயரைத் தாங்கும் வங்கியும், அதை வரவேற்கும் அரசும், திடலை வைத்திருக்கும் கிளப்புகளும் இம்மூன்றையும் அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.