அயலார் எழுதிய தாய்லாந்து

வேற்று நாட்டில் சில ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, அந்நாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதிவிடுவது மேலைநாட்டாரிடையே நெடுநாளைய வழக்கம். ஆசிய நாடுகளுள் தாய்லாந்து இவ்வழக்கத்திற்கு மிகுதியாகவே ஆளாகியிருக்கிறது. அந்நாட்டை எந்த ஐரோப்பிய அரசும் குடியேற்ற நாடாக்கி ஆண்டதில்லை. ஆகவே அங்கே சென்ற வெள்ளையர் ஆள்வோராகச் செல்லவில்லை. தூதராகவும் மறைபரப்பாளராகவும் வணிகராகவும் கூலிக்கு அமர்ந்த ஆசிரியராகவும் சென்றனர். நம் நாட்டில் வெள்ளைக்காரக் கலெக்டர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் ஒலிக்கும் குரல் வேறு. பாங்காக்கில் ஓர் அலுவலக மேசையின்முன் தாளை நீட்டி நிற்கும் வெள்ளையரின் குரல் வேறு. அதிகாரம் தம் கையில் இல்லாதபோது அயலார் எங்ஙனம் எழுதுகின்றனர் என்பதற்கு இந்நூல்கள் நல்ல சான்று. அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்து நோக்குவோம்.

முதலில் ஓர் ஆயரைக் குறிப்பிடவேண்டும். புதுச்சேரியிலும் கோவையிலும் கும்பகோணத்திலும் நம் முன்னோருக்கு அறிமுகமான பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர் ழான் பத்தீஸ்து பல்குவா. கீழைச் சயாமின் திருத்தந்தைப் பதிலாளாக விளங்கிய இவர், பின்னாளில் அரசரான மோங்குட் புத்தத் துறவியாக மடத்தில் வாழ்ந்த காலத்திலேயே அவருடன் நட்புப் பூண்டார். ஆயர் இலத்தீன் கற்பித்தார். துறவி பாலி மொழி கற்பித்தார். 1854-இல் பல்குவா வெளியிட்ட சயாம் நாட்டு விளக்கநூலில் அந்நாட்டு நெல்வயலும் நீர்வழியும் சட்டமும் வரியும் சோறும் மீனும் இடம்பெறுகின்றன. அதே ஆண்டில் சயாம் மொழியை இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்றாலும் விளக்கும் பேரகராதி ஒன்றையும் அவர் வெளியிட்டார். நூலில் குறைகள் உண்டு. புத்த சமயத்தைப் பற்றி எழுதும்போது அக்கால மறைபரப்பாளருக்குரிய இறுக்கம் அவரிடமும் தலைகாட்டுகிறது. ஆயினும் அகராதி தொகுத்தவர் எழுதிய நூல் என்பது அதன் பக்கங்களில் புலப்படுகிறது. ஒரு பொருளுக்கு அவ்வூரார் வழங்கும் பெயர் என்ன என்று கேட்டறிந்த பின்னரே அவர் அதைப் பற்றிக் கருத்துரைக்கிறார்.

பல்குவா மறைந்தது 1862-இல். அதே ஆண்டில், அதே மோங்குட் அரசரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்து சேர்ந்தார் அன்னா லியோனோவென்ஸ். தாம் வேல்ஸ் நாட்டில் பிறந்ததாக அவர் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் 1831-இல் நம் நாட்டு அகமத்நகரில் பிறந்தவர் என்பதைப் பிற்கால ஆய்வாளர் கண்டுபிடித்தனர். சயாம் அரசவையில் ஆங்கில ஆசிரியையாக இருந்த அனுபவத்தை 1870-இலும், அந்தப்புரத்துக் கதைகளை 1873-இலும் நூல்களாக வெளியிட்டார். ஆயரோடு இலத்தீன் பயின்ற அரசர் இவற்றில் சினமும் சபலமும் மிக்க கொடுங்கோலராக மாறிவிடுகிறார். அரண்மனைக்கு அடியில் பாதாளச் சிறை இருந்ததாம். தோண்டினால் நீர் ஊறும் பாங்காக்கின் சதுப்பு மண்ணில் அது எப்படி நின்றிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கேட்டது நியாயமான கேள்வி. மார்கரெட் லாண்டன் என்ற அமெரிக்க மறைபரப்பாளர் இக்கதையை 1944-இல் புதினமாக்கினார். 1951-இல் அது இசை நாடகமாயிற்று, 1956-இல் திரைப்படமாயிற்று. தாய்லாந்து அரசு அப்படத்தைத் தடைசெய்தது. 1999-இல் வந்த படத்திற்கும் அதே கதி நேர்ந்தது.

ஆனால் அன்னாவின் முதல் நூலில் பொய்யென்று தள்ளிவிட முடியாத பக்கங்களும் உள்ளன. அரண்மனைக்கு வெளியே தனி வீடு தருவதாக அவருக்கு வாக்களித்திருந்தனர். அந்த வீட்டிற்காக அவர் நாள்தோறும் கேட்டதும், அதிகாரிகள் தலையசைத்ததும், ஒன்றும் நடவாததும் சொல்லப்படும் பகுதி அது. கொடுங்கோலரும் பாதாளச் சிறையும் இல்லாத அவ்விடத்தில், காத்திருக்கும் ஒரு கைம்பெண்ணின் எரிச்சல் மட்டும் இருக்கிறது. நம் வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழுக்குக் காத்திருந்த எவருக்கும் அந்த எரிச்சல் விளங்கும்.

இவ்விடத்தில் சயாமின் ஆட்சிமுறை பற்றிச் சிறிது சொல்லவேண்டும்; சொல்லாவிட்டால் பின்வரும் நூல்கள் விளங்கா. பழைய சயாமில் மாகாண ஆட்சியாளருக்கு அரசு முறையான ஊதியம் தருவதில்லை. மக்களிடம் பெறும் கட்டணத்திலும் வரியின் ஒரு பங்கிலும் அவர் வாழ்ந்துகொள்வார். அம்முறைக்குக் ‘கின் முவாங்’ என்று பெயர். ஊரை உண்ணுதல் என்பது பொருள். 1892-இல் உள்துறை அமைச்சரான இளவரசர் தம்ரோங் இம்முறையை ஒழித்து, ஊதியம் பெறும் அலுவலரை நாடெங்கும் அமர்த்தினார். முறை போயிற்று, சொல் போகவில்லை. இன்றும் கையூட்டைக் குறிக்க அங்கே வழங்கும் மங்கலச் சொல்லுக்கு ‘வெந்நீர், தேநீர்ச் செலவு’ என்று பொருள். அரசு ஊழியரைக் குறிக்கும் ‘கா ராட்சகான்’ என்ற சொல்லும் மக்களின் பணியாளரைச் சுட்டுவதன்று. அரசருடைய பணிக்கு ஆட்பட்டவர் என்றே அது பொருள்படும். காக்கிச் சீருடையும் தோளில் தரப்பட்டையும் அணிந்து மேசைக்கு அப்பால் இருப்பவரிடம் எதிர்ப்பக்கம் நிற்பவர் குரலை உயர்த்துவதில்லை. ‘கிரெங் ஜாய்’ என்பார்கள். பிறருக்குத் தொல்லை தர அஞ்சும் கூச்சமும், மேலோர்பால் உள்ள அடக்கமும் கலந்த மனநிலை அது.

அயலாருக்கு இந்த மனநிலை எளிதில் பிடிபடுவதில்லை. அவர்கள் முதலில் கற்றுக்கொள்வது ‘மை பென் ராய்’ என்னும் தொடரை. பரவாயில்லை என்று பொருள். கரோல் ஹோலிங்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி இத்தொடரையே தலைப்பாக்கி 1965-இல் ஒரு நூல் எழுதினார். பாங்காக்கில் இல்லத்தரசியாக வாழ்ந்து, சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அனுபவங்கள் அதில் உள்ளன. தமக்குள்ளேயே வேலி போட்டு வாழ்ந்த அமெரிக்கக் குடியிருப்பாளரை அவர் எள்ளும் இடங்கள் சுவையானவை. பிறரைவிடத் தம்மையே அதிகம் நகையாடிக்கொள்ளும் பண்பும் அவரிடம் உண்டு. படிக்க இனிய நூல்தான். எனினும் அதைத் தொடர்ந்து வந்தவர்களுக்கு அது ஒரு கெட்ட வழியைத் திறந்துவிட்டது. பணியாள் பாத்திரத்தை உடைத்தாலும் பரவாயில்லை, அலுவலகத்தில் கோப்பு தொலைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நாட்டின் குணத்தையே ஒரு தொடருக்குள் அடைத்துவிட்டனர். கோப்பு தொலைந்ததால் தாய்லாந்துக்காரர் ஒருவர் நிலத்தை இழந்தால் அவர் அப்படிச் சொல்வாரா என்று அவர்கள் கேட்டுப்பார்க்கவில்லை.

அண்மைக் காலத்தில் இவ்வகை எழுத்து பெருகியதற்கு அங்கே முதுமையைக் கழிக்கச் செல்லும் மேலைநாட்டார் முக்கிய காரணம். ஐம்பது வயது நிறைந்து, வங்கியில் 8,00,000 பாட் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் நீட்டித்துக்கொண்டு தங்கலாம். ஆனால் 1979-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி 90 நாள்களுக்கு ஒருமுறை தம் முகவரியை அரசுக்கு அறிவிக்கவேண்டும். அவரைத் தங்கவைத்திருக்கும் வீட்டுக்காரரும் 24 மணி நேரத்திற்குள் அறிவிக்கவேண்டும். பின்னைய விதியை 2019-இல் அதிகாரிகள் கடுமையாக நடைமுறைப்படுத்தியபோது எழுந்த கூக்குரல் சிறிதன்று. நகலுக்கு நகல், ஒவ்வொரு நகலிலும் கையொப்பம், நேற்று வேறு அதிகாரி வேறு தாள் கேட்டார் என்று அவர்கள் எழுதுபவை பெரும்பாலும் உண்மையே. நாமும் சிரித்துக்கொண்டு வாசிக்கிறோம். ஆனால் அச்சிரிப்புக்கு ஓர் ஆதாரம் உண்டு: பொறுக்கமுடியாத அன்று அவர் விமானம் ஏறிவிடலாம். அதே நாட்டில், சமுத் சாக்கோனின் மீன் பதனிடும் கூடங்களில், இளஞ்சிவப்பு அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பர்மியத் தொழிலாளரும் அயலாரே. தாய்லாந்தில் அயலார் வாழ்க்கை என்ற தலைப்பில் வரும் நூல்களில் அவர்களுக்கு இடமில்லை. வெள்ளையரை ‘பராங்’ என்றும், நம்மைப் போன்ற இந்தியரைக் ‘கேக்’, அதாவது விருந்தாளி என்றும் அழைக்கும் மொழி அது. எவ்வளவு நாள் தங்கினாலும் விருந்தாளிதான்.

விமானம் எப்போதும் காத்திருப்பதில்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஒருவர் 2005-இல் ஐம்பது பிரதிகளே அச்சிட்ட தம் புதினத்தில் அரச குடும்பத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். 2008-இல் விமான நிலையத்திலேயே கைதானார். 2009 சனவரியில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, அடுத்த மாதம் அரச மன்னிப்பால் விடுதலையானார். அயலார் நூல்கள் சிற்றதிகாரிகளை மட்டும் நகையாடி, அதற்கு மேலே போகாமல் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

போகுமிடம் இல்லாத அயலாரைக் காண விரும்புவோர் ‘போத்தான்’ என்ற புனைபெயருடைய எழுத்தாளர் 1969-இல் வெளியிட்ட ‘தாய்லாந்திலிருந்து கடிதங்கள்’ புதினத்தை நாடலாம். எழுதியவர் தாய்லாந்திலேயே பிறந்த சீன மரபினர். 1945-இல் குடியேறிய தான் சுவாங் ஊ என்ற சீன வணிகர் ஊரிலுள்ள தாய்க்கு எழுதும் கடிதங்களாகக் கதை அமைந்துள்ளது. தாய்லாந்து மக்கள் சோம்பேறிகள், செலவாளிகள், அதிகாரிகள் கைநீட்டுவோர் என்று அவர் ஓயாமல் குறைகூறுகிறார். வெள்ளையர் நூல்களில் காணும் அதே குற்றச்சாட்டுகள்தாம். ஆயினும் இவருடைய பிள்ளைகள் தாய்லாந்து மொழி பேசி வளர்கின்றனர். இளைய மகள் தாய்லாந்து ஆசிரியர் ஒருவரையே மணக்கிறாள். தாம் இகழ்ந்த இனத்திலிருந்து வந்த மருமகன் நேர்மையாளன் என்பதைக் கிழவர் மெல்ல மெல்ல, மனமில்லாமலே ஒப்புக்கொள்கிறார். அந்த மனமில்லாமையை எழுதிக்காட்டியதுதான் இப்புதினத்தின் வெற்றி. நாம் இங்கே பேசும் நூல்களுள் இதுவே தலையாயது என்று தயங்காமல் சொல்வோம்.

இனி நம் வாசகருக்கு நெருக்கமான ஒரு நூல். உலக மீட்பர் சபையைச் சேர்ந்த அமெரிக்க அருட்பணியாளர் ஜோ மயர் 1967-இல் தாய்லாந்துக்கு வந்தவர். பாங்காக் துறைமுகத்தை ஒட்டிய குளோங் தோய் சேரியில், பன்றி வெட்டும் இறைச்சிக்கூடத்தின் அருகே குடியிருந்தார். உயிர்க்கொலைக்குப் புத்த சமயத்தார் தயங்கியதால் அத்தொழிலைச் செய்தோருள் பலர் கத்தோலிக்கர். அவர்களுடைய பங்குக் குருவாகவே அங்கே நுழைந்தார். பாங்காக்கின் ஆங்கில நாளிதழில் அவர் எழுதிய கட்டுரைகள் 2005-இல், இறைச்சிக்கூடத்திற்கு வரவேற்கும் தலைப்புடன் தொகுப்பாக வந்தன.

மயரிடம் அழகிய நடையை எதிர்பார்க்கக்கூடாது. துண்டு துண்டான சொற்றொடர்கள், சொன்னதையே சொல்லுதல், கண்ணீரை வரவழைத்தே தீர்வது என்ற பிடிவாதம் சில கட்டுரைகளில். நாளிதழுக்கு எழுதியதன் அவசரம் தெரிகிறது. ஆயினும் அலுவலகம் என்பது இவருடைய எழுத்தில் நகைச்சுவைப் பொருளாக வருவதில்லை. சேரி வீடு துறைமுக நிலத்தில் அனுமதியின்றிக் கட்டியது. ஆதலால் அதற்கு வீட்டெண் கிடையாது. வீட்டெண் இல்லையேல் ‘தபியன் பான்’ எனப்படும் குடும்பப் பதிவேடு கிடையாது. பதிவேடும் பிறப்புச் சான்றும் இல்லாத குழந்தையைப் பள்ளி ஏற்காது. இந்தச் சங்கிலியை அறிந்தவர் எழுதும்போது, தொண்ணூறு நாள் முகவரித் தாளைப் பற்றிய புலம்பல் எவ்வளவு சிறியது என்பது தானே விளங்குகிறது. மயரும் அயலார்தாம், ஆனால் பிறர் குழந்தைக்காக வரிசையில் நின்றவர்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. இதே சேரியில் 1952-இல் பிறந்து, பிறப்புச் சான்று இல்லாததால் அரசுப் பள்ளியில் சேரமுடியாமற்போன பிரதீப் உங்சோங்தம், 1968-இல் தம் பதினாறாம் வயதில், நாளொன்றுக்கு ஒரு பாட் கட்டணத்தில் ஒரு பள்ளி தொடங்கினார். 1978-இல் மகசேசே விருது பெற்றார். 2000-இல் செனட் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மயரின் தொகுப்பை மட்டும் வாசிப்போர், சேரிக்கு விடிவு கொண்டுவந்தவர் ஒரு வெள்ளைக்காரக் குரு என்று எண்ணிவிடக்கூடும். அப்படி எண்ணுவது அச்சேரி மக்களுக்கு நேர்மை செய்வதாகாது.

சட்டம் பின்னர் மாறியிருக்கிறது. சான்று இல்லாத குழந்தைகளும் பள்ளியில் சேரலாம் என்று 2005 சூலையில் அமைச்சரவை முடிவுசெய்தது. பெற்றோர் எந்நிலையினராயினும் அந்நாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பைப் பதியவேண்டும் என்று 2008-இல் திருத்தம் வந்தது. 2024 அக்டோபரில், நெடுநாளாக நாடற்றோராய் வாழ்ந்துவந்த ஏறத்தாழ 4,83,000 பேருக்குத் தங்குரிமையும் குடியுரிமையும் விரைந்து வழங்க அரசு ஒப்புக்கொண்டது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றையும் மேசைக்கு அப்பால் இருக்கும் ஓர் எழுத்தர் தம் கையால் பதிவேட்டில் எழுதவேண்டும். பிரெட் ரிக்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1966-இல் தாய்லாந்தின் அதிகார வர்க்க ஆட்சியைப் பற்றிப் பெருநூல் எழுதினார். அதில் அதிகார வர்க்கம் உண்டு, எழுத்தர் இல்லை. நாம் நோக்கிய மற்ற நூல்களில் அவர் ஒரு காக்கிச் சட்டையாகவும் ஒரு முத்திரையாகவும் மட்டும் வந்துபோகிறார். மேலதிகாரிக்கு அவரும் அஞ்சுகிறார். அவருக்கும் ‘கிரெங் ஜாய்’ உண்டு. மாலையில் அவரும் எங்கோ வீடு திரும்புகிறார். மயரால்கூட அவ்வீட்டுக்குள் செல்ல இயலவில்லை.

ஆங்கிலம் வாசிக்க வல்ல அன்பர்கள் போத்தானை முதலிலும் மயரை அடுத்தும் வாசிக்கலாம். அன்னாவை அவசரமின்றி எடுத்துக்கொள்ளலாம். வீடு கேட்டு அலைந்த பக்கங்களை மட்டும் தவறவிட வேண்டாம்.