மகவா? மண்ணா?

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் எவர் மனத்தையும் புண்படுத்தாத அந்நாவலை 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் கொளுத்தினர். 2015 சனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ஆசிரியரைப் பணிய வைத்தனர். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்துரிமையின் பக்கம் நின்றது. நாடறிந்த கதை இது. அந்தப் புகைமூட்டத்தில் மறைந்துபோன பக்கங்களைப் பற்றியே யாம் பேச விழைகின்றோம்.

கொளுத்தியோர் கண்ணிற்பட்டது தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு ஒன்றே. அவ்விரவை நோக்கிப் பொன்னாவைத் தள்ளியது எது? பக்தியா? அன்று, காடு! மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள். காளிக்கும் அவளுக்கும் இடையே அன்பில் குறைவில்லை, உழைப்பில் குறைவில்லை. ஆயினும் பிள்ளை இல்லை. எனவே நிலத்துக்கு வாரிசு இல்லை. ஊரார் ஏளனத்தின் அடியில் ஓடுவது இந்தக் கணக்குத்தான். தந்தைவழி உறவினனுக்கு நம் மக்கள் இட்ட பெயரைப் பாருங்கள்: பங்காளி! உறவுக்கு முன்னே பங்கு நிற்கிறது. ஒரே கூட்டத்தில் பிறந்த ஆண்கள் பங்காளிகள்; அக்கூட்டத்தில் பிறந்த பெண்ணோ சீர் பெற்றுச் செல்பவள். சென்ற இடத்திலும் அவள் பங்குடையவள் அல்லள், பங்காளியைப் பெற்றுத் தர வேண்டியவள். பெறாதபோது அவளுக்கு அங்கே என்ன பெயர்?

மாமியார், தாய், உடன்பிறந்தான் முத்து – மூவரும் கொடியவர் அல்லர். அன்பினால்தான் அவளை அனுப்பி வைக்கின்றனர். காளியின் உயிர்த்தோழனான முத்துவே, அவன் இசைந்துவிட்டதாகப் பொய் சொல்லித் தன் தங்கையை அழைத்துச் செல்கிறான். உறவுமுறையின் கொடுமை அன்பின் கையாலேயே நடந்தேறுவதைக் காட்டிய இடத்தில் ஆசிரியர் வென்றிருக்கிறார்.

எமக்குக் குறையாகப்படுவது வேறோர் இடம். நல்லுப்பையன் சித்தப்பா மணமே வேண்டாமென வாழ்பவர். ஊரின் மூடத்தனத்தை நகையாடுபவர். பகுத்தறிவு இளைஞர் அவரைக் கண்டதும் மகிழ்வர், யாமும் மகிழ்ந்தோம். ஆனால் அவர் காணியுள்ள குடியில் பிறந்த ஆண் அன்றோ? அவருடைய சிரிப்புக்கு நிலம் பிணை நிற்கிறது. அதே சிரிப்பைப் பொன்னா சிரித்தால் அவள் எங்கே போய் நிற்பாள்? இக்கேள்வியை நாவல் கேட்கவில்லை. 2014-இல் தொடர்ச்சியாக வந்த ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ இரண்டும் பிரிவதுகூட, காளி மாண்டானா வாழ்ந்தானா என்ற இடத்தில்தான்.

பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான பங்கு என்னும் சட்டம் தமிழ்நாட்டில் வர 1989 ஆயிற்று. அப்போதும் அதற்கு முன் மணமானவருக்கு அது இல்லை. நாடு முழுமைக்கும் வந்தது 2005-இல்.

சட்டம் வந்தபின் நடப்பதென்ன? தங்கை பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். ஒரு சேலை, கொஞ்சம் பணம், பிறந்த வீட்டு வாசல் அடைபடக் கூடாதே என்ற அச்சம் – கையெழுத்து இடுகிறாள். பங்கைக் கைவிடும் அத்தாளுக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர்! அழைத்துச் செல்பவன் பெரும்பாலும் முத்துவைப் போன்ற அன்புள்ள அண்ணன்தான்.