அறிவுக்கும் ஆட்சிக்கும் இடையே ஒரு சொல்

திருவள்ளுவர் பொருட்பாலில் அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்துச் சொல்வன்மையை வைத்தார். அரசனுக்கு அறிவுரை கூறுவோன் உண்மையை அறிந்திருந்தால் மட்டும் போதாது. அறிந்ததைக் கேட்போர் பிறழ உணராதவாறு சொல்லவும் வல்லவனாக வேண்டும் என்பது அவ்வைப்பு முறையிலேயே புலனாகும். இவ்விரண்டும் ஒருங்கே வேண்டப்படும் துறைகளுள் இன்று தலையாயது பருவநிலை அறிவியல். காற்றையும் கடலையும் அளப்போர் ஒருபால். வரி விதிப்போரும் கடற்சுவர் எழுப்புவோரும் மறுபால். இருசாராரையும் இணைக்க எழுந்த அறிக்கை வரிசை ஒன்று உண்டு. அதன் சொல்லாட்சி தன் பணியைச் செய்கின்றதா என்பது தமிழாசிரியரும் ஆராயத்தக்க பொருளாகும்.

உலக வானிலை நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டமும் 1988ஆம் ஆண்டில் பருவநிலை மாற்றம் பற்றிய அரசுகளிடைக் குழுவை அமைத்தன. 1990 முதல் அக்குழு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பேரறிக்கைகளை வெளியிட்டு வருகின்றது. ஒவ்வொன்றும் பல பகுதிகளாக விரியும். ஆட்சியாளர்க்கென ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுருக்கம் உண்டு. பழந்தமிழ் நூல்கள் புலவர் அவையில் அரங்கேறின என்பது மரபு. இச்சுருக்கமும் ஓர் அவையில் அரங்கேறுகின்றது. ஆனால் அவ்வவையில் ஒப்புதல் அளிப்போர் புலவர் அல்லர், அரசுகளின் பேராளர்கள். அவர்கள் வரி வரியாகப் படித்து ஒருமனதாக ஏற்ற பின்னரே சுருக்கம் வெளிவரும். எழுதிய அறிஞர்கள் உடனிருந்து, சான்றுக்கு மாறான சொல் புகாமற் காப்பர்.

அவ்வாறு காப்பது எத்துணை அரிது என்பதற்கு 1995 நவம்பரில் மாட்ரிட் நகரில் நடந்த கூட்டமே சான்று. உலகப் பருவநிலையில் மனிதரால் விளைந்த மாற்றம் உண்டா என்பது வினா. உண்டு என்பதற்குச் சான்றுகள் திரண்டிருந்தன. ஆயின் அம்மாற்றத்திற்கு எந்த அடைமொழியைச் சேர்ப்பது? எண்ணெய் விற்று வாழும் சவூதி அரேபியாவும் குவைத்தும் வன்மையான சொல்லை எதிர்த்தன. பல அடைமொழிகளை எடுத்தும் விடுத்தும் வாதிட்ட பின்னர், ‘கண்டறியத்தக்க’ என்னும் பொருள்படும் சொல்லில் அவை அமைதி கொண்டது. பெரிது என்றும் சொல்லவில்லை. சிறிது என்றும் சொல்லவில்லை. தேடுவார்க்குப் புலப்படும் என்பதே அதன் பொருள். அன்றைய சான்றின் நிறைக்கு ஏற்ற சொல் அதுவே எனலாம்.

அச்சொல்லுக்கு ஒருவர் கொடுத்த விலையும் சிறிதன்று. தொடர்புடைய அதிகாரத்தின் தலைமையாசிரியர் பெஞ்சமின் சான்டர், கூட்டத்திற்குப் பின் குழுவின் விதிப்படி அதிகாரத்தைத் திருத்தி அமைத்தார். 1996 ஜூனில், அமெரிக்க தேசிய அறிவியற் கழகத்தின் முன்னாள் தலைவர் பிரெடரிக் சைட்ஸ், அத்திருத்தங்கள் ஆட்சியாளரை ஏமாற்றுவன என ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழில் குற்றஞ்சாட்டினார். திருத்தம் விதிக்கு உட்பட்டதே எனக் குழுவினரும் உடனுழைத்த அறிஞரும் விளக்கினர். எனினும் பழிச்சொல் பரவிய விரைவில் விளக்கம் பரவவில்லை.

அதன் பின்னர்க் குழு தன் சொற்களுக்கு அளவு வகுத்தது. 2001ஆம் ஆண்டு அறிக்கையில், முந்திய ஐம்பதாண்டு வெப்ப உயர்வின் பெரும்பகுதி மனிதர் வெளியிட்ட வாயுக்களால் விளைந்திருக்கும் வாய்ப்பு மிகுதி எனப்பட்டது. அச்சொல் நூற்றுக்கு 66க்கு மேல் என்னும் அளவைக் குறித்தது. 2007இல் அது 90க்கு மேல் என்றும், 2013இல் 95க்கு மேல் என்றும் உயர்ந்தது. 2021ஆம் ஆண்டு அறிக்கையோ, மனிதரே உலகை வெப்பமுறச் செய்தனர் என்பதை ஐயத்துக்கு இடமின்றி மொழிந்தது. பொன்னை நிறுப்பார் போலச் சொல்லை நிறுத்த இம்முறை பாராட்டத்தக்கது. சான்று வளர வளரச் சொல்லும் வளர்ந்தது. சான்றை முந்திச் சொல் ஓடவில்லை.

குழுவிற்குப் பிறிதொரு நெறியும் உண்டு. இன்னது செய்தால் இன்னது விளையும் என அது கூறும். இன்னது செய்க எனக் கூறாது. ஏவலும் வியங்கோளும் அதற்கு விலக்கு. இதனைக் கோழைமை என்பாரும் உளர். அது பொருந்தாது. சான்று கூற வந்தவன் தீர்ப்பும் கூறத் தொடங்கினால் அவன் சான்றின் மதிப்புக் குறையும். ஆனால் கட்டளை கூறாமை வேறு. விளங்கக் கூறாமை வேறு. முன்னது அடக்கம், பின்னது குறை.

அக்குறை இவ்வறிக்கைகளில் உண்டு. டேவிட் புடெஸ்குவும் அவர்தம் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 90க்கு மேல் எனக் குழு வரையறுத்த சொல்லைப் படிப்போர் அதனினும் குறைந்த அளவினதாகவே கொள்கின்றனர் எனக் காட்டினர். 2014இல் 24 நாடுகளில் ஆய்ந்தபோதும் அந்நிலையே காணப்பட்டது. சொல்லோடு எண்ணையும் சேர்த்தே அச்சிட்டால் பிழை குறையும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

குறைத்து உணர்வது போலவே மிகைத்து உணர்வதும் உண்டு. வெப்ப உயர்வை 1.5 பாகையளவில் நிறுத்துவதாயின், 2010ஆம் ஆண்டு அளவினின்று கரியமில வாயு வெளியீடு 2030க்குள் ஏறத்தாழ 45 விழுக்காடு குறைதல் வேண்டும் என 2018ஆம் ஆண்டுச் சிறப்பறிக்கை காட்டியது. அது மேடைகளில், உலகிற்கு எஞ்சியவை பன்னிரண்டு ஆண்டுகளே என்னும் முழக்கமாயிற்று. அறிக்கை அத்தகைய இறுதி நாள் எதனையும் குறிக்கவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். ஐக்கிய நாடுகளின் ஆறு ஆட்சிமொழிகளுள் தமிழ் இல்லை. ஆகவே இச்செய்திகள் தமிழர்க்குப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே வருகின்றன. தமிழில் ‘மழை பெய்யலாம்’ என்பதிலும் ‘நீ போகலாம்’ என்பதிலும் வரும் விகுதி ஒன்றே. முன்னது வாய்ப்பு, பின்னது இசைவு. அவ்விகுதி எத்துணை வாய்ப்பு என்பதைச் சொல்லாது. நூற்றுக்குத் தொண்ணூறு உறுதியுடைய ஒன்றை ‘நேரலாம்’ என எழுதினால், படிப்பவன் அதைப் பாதிக்குப் பாதி என்றே கொள்வான். ‘நேரும்’ என எழுதினாலோ ஐயமே இல்லாததாகிவிடும்.

சிங்கப்பூரில் 2024 ஜனவரியில் வெளியான மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வு, வாயு வெளியீடு மிகுமாயின் அத்தீவைச் சூழ்ந்த கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என மதிப்பிட்டது. ‘மிகுமாயின்’ என்பதை விட்டால் அது விதியாகிவிடும். ‘வரை’ என்பதை விட்டால் மேல் எல்லையே உறுதியாகிவிடும். கரையை எத்துணை உயர்த்துவது, அதற்கு மக்கட் பணம் எத்துணை செலவிடுவது என்னும் வழக்குகள் இத்தகைய இடைச்சொற்களின் மேல் நிற்கின்றன.

அறிஞர் சொல்லை நிறுத்துத் தந்தனர்; நிறையைச் சொல்லின் மேலேயே பொறித்துத் தரவேண்டுவது அவர்தம் எஞ்சிய கடன். அந்நிறை குறையாமல் மக்களிடம் சேர்ப்பது இதழாளர் கடன். வகுப்பில் ‘கூடும்’ என்பதற்கும் ‘திண்ணம்’ என்பதற்கும் உள்ள தொலைவை மாணவர்க்கு உணர்த்துவது தமிழாசிரியர் கடன். அத்தொலைவை உணர்ந்தவனே பிற்காலத்தில் தன் ஊரின் கடற்சுவரைப் பற்றி அச்சமும் அலட்சியமும் இன்றி வாக்களிப்பான்.