நிரல்மொழி விளக்கநூல்களிற் பிழைதிருத்தம்

பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. பிழையெனத் தோன்றுவன எல்லாம் பிழையல்ல. பிழையின்றித் தோன்றும் இடத்தும் பிழை மறைந்திருத்தல் கூடும். இவ்வுண்மை ஏட்டுச்சுவடிக்கு மட்டும் உரியதன்று. கணினிக்குக் கட்டளையிடப் பயன்படும் நிரல்மொழிகளுக்கு எழுதப்பெறும் விளக்கநூல்களுக்கும் இது பொருந்தும். அந்நூல்களிற் காணும் எழுத்துப்பிழைகளைக் களைதல் தொடக்கநிலை மாணவர்க்கு விடத்தக்க சிறுபணி என்பார் பலர். அக்கருத்துப் பொருந்தாது என்பதும், திருத்துவோர் முதற்கண் துணிய வேண்டுவது எழுத்தின் வடிவன்று, நூலின் அதிகாரமே என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவக் கருதுவன.

1. பிழையும் அதன் இடமும்

நிரல்மொழி விளக்கநூலில் விதி, விதியை விரிக்கும் உரை, உரைக்குத் துணையாகும் எடுத்துக்காட்டு என மூன்று பகுதிகள் உள்ளன. இலக்கண நூல்களிற் பயின்றார்க்கு இப்பகுப்புப் புதிதன்று. ஓரெழுத்துப் பிழை இம்மூன்றிடத்தும் ஒரே விளைவைத் தருவதில்லை.

உரையில் ஓரெழுத்துக் குறையின், கற்போர் தம் அறிவால் அதனை நிரப்பிக்கொள்வர். எடுத்துக்காட்டில் அங்ஙனம் நிரப்புவார் இலர். அதனை இறுதியாகப் படிப்பது இயந்திரம். 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தால் வழக்கிற்கு வந்த ஃபார்ட்ரான் மொழியை நோக்குவோம். அம்மொழியின் பழைய வடிவங்களில், ஒரு கட்டளைத் தொகுதியை 1 முதல் 10 வரை எண்ணித் திரும்பத் திரும்பச் செய்விக்கும் தொடரில் அவ்விரண்டு எண்களையும் காற்புள்ளி பிரிக்கும். அவ்விடத்தே முற்றுப்புள்ளி விழுமாயின் இரண்டும் கூடி 1.10 என்னும் ஒரே பதின்ம எண்ணாகிவிடும். சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தை அம்மொழி பொருட்படுத்துவதில்லை. மாறிகளை முன்னரே அறிவித்தல் வேண்டும் என்னும் கட்டாயமும் ஆண்டு இல்லை. ஆகவே தொடரின் முற்பகுதி முழுதும் ஒட்டிப் புதியதொரு மாறியின் பெயராகி, 1.10 என்னும் மதிப்பைப் பெறும். பத்து முறை நிகழவேண்டுவது ஒரு முறையே நிகழும். நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலரும் யாதொரு குறையும் கூறாது.

இத்தகைய பிழை நூலின் எடுத்துக்காட்டில் நேருமாயின் இடர்ப்படுபவன் மாணவனே. நூலை ஐயுறும் துணிவு அவனுக்கு இராது. தன் அறிவையே ஐயுறுவான். இதனை நோக்கும்போது, டொனால்ட் கனூத் தம் நூல்களிற் பிழையொன்றை முதற்கண் காட்டுவோர்க்கு 2.56 டாலர் பரிசு என அறிவித்து, அச்சுப்பிழைக்கும் பொருட்பிழைக்கும் அதில் வேறுபாடு வையாமை விளையாட்டன்று என்பது புலனாகும். (அப்பரிசு 256 சென்ட், பதினாறனை அடியாகக் கொண்ட எண்முறையில் அது 100 என எழுதப்பெறும்.) சிறுபிழை என ஒன்றை ஒதுக்குதற்கு அதன் விளைவு முன்னரே தெரிதல் வேண்டும், அஃது எளிதிற் தெரிவதன்று.

2. மூலபாடமே சட்டமான இடம்: அல்கால் 60

விதியில் நேரும் பிழையே இவற்றுள் கடியது. இதற்கு அல்கால் 60 அறிக்கை சிறந்த சான்றாகும். 1960 சனவரியில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த அறிஞர் 13 பேர் பாரிசு நகரிற் கூடி வகுத்த இம்மொழியின் அறிக்கை, பீட்டர் நௌர் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அவ்வாண்டு மே மாதத்தில் வெளிவந்தது. ஜான் பேக்கசு வகுத்த குறியீட்டு முறையில் தொடரமைதி முழுதும் நூற்பாப் போன்ற செறிவுடன் அதிற் கூறப்பெற்றது. இயந்திரம் ஒன்றன் இயல்பு நோக்கி அமைந்த மொழியன்று இது. நூல் முன்னர்த் தோன்ற, இயந்திரங்கள் அதன்வழி ஒழுக முயன்றன.

அந்நூலில் ஒரு மயக்கம் இருந்தது. 'இன்னதாயின் இது செய்க. இன்றேல் அது செய்க' என்னும் நிபந்தனைத் தொடருக்குள் திரும்பச் செய்விக்கும் தொடர் ஒன்றும், அதனுள் மற்றொரு நிபந்தனையும் அடங்குமாயின், இறுதியில் நிற்கும் 'இன்றேல்' முன்னைய நிபந்தனையைச் சாருமா, பின்னையதைச் சாருமா என்பது விதியால் துணியப்படவில்லை. செய்யுளிற் பொருள்கோள் காண்பார்க்கு இவ்விடர் தெரிந்ததே. ஆயினும் செய்யுளில் இருபொருளும் கொள்வோம் என்று அமையலாம். நிரலில் அமைதல் இயலாது. 1962இல் உரோம் நகரிற் கூடி ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட திருந்திய அறிக்கையில், திரும்பச் செய்விக்கும் தொடர் தான் இருந்த வகையினின்றும் பெயர்க்கப்பெற்றது, மயக்கமும் நீங்கிற்று. சூத்திரத்தில் ஓருறுப்பை இடம் மாற்றியமையே திருத்தம். ஆயின் அதனால் மாறியது மொழியின் சட்டம்.

இயந்திரம் செய்வது யாதோ அதுவே விதி, நூல் அதனைத் தழுவித் திருத்தப்படுவதே முறை என்று சிலர் கூறுவர். ஒரு மொழிக்குக் கம்பைலர் ஒன்றே இருப்பின் இக்கூற்று ஒருவாறு பொருந்தும். இரண்டு கம்பைலர்கள் ஒரே நிரலுக்கு இருவேறு விடை தருமாயின், எதனை விதியென்பது? அப்பொழுது நூலையன்றிப் பிறிதொரு நடுவர் இல்லை. ஆதலின் அக்கூற்று எல்லா மொழிக்கும் பொதுவாகாது.

திருந்திய அறிக்கையின் மேம்பாடு மற்றொன்றாலும் விளங்கும். பிழை களைதல், மயக்கம் அகற்றல், தெளிவுறுத்தல் என்பனவே தம் நோக்கமென்றும், மொழியை விரித்தல் அன்றென்றும் அதன் ஆசிரியர்கள் எல்லை வகுத்துக்கொண்டனர். சார்புகளின் பக்கவிளைவு முதலாகத் தம்மால் துணிய இயலாத ஐந்து பொருள்களை எடுத்துக் கூறி, அவற்றைத் துணியாமலே விட்டனர். இதனைக் குன்றக்கூறல் என்னும் குற்றத்தின்பாற் படுப்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். அறியாததை அறிந்ததுபோல் திருத்துவதினும், ஐயத்தை ஐயமாகவே நிறுத்துதல் பதிப்பாசிரியர்க்குரிய நேர்மையாகும். பின்னர் 1967இல் கனூத் எழுதிய கட்டுரையும் எஞ்சிய இடர்களை மயக்கங்கள், திருத்தங்கள் என இருபாலாகப் பிரித்தே கூறிற்று. இவ்விரண்டனையும் ஒன்றாக எண்ணுவோரே பெரும்பாலும் தவறு செய்கின்றனர்.

3. பிழையே பெயரான இடம்

இனி, திருத்தலாகாத பிழைகளும் உண்டு. யூனிக்ஸ் இயக்குதளத்தில் புதிய கோப்பை ஆக்கும் கட்டளையின் பெயர் 'கிரியேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே. ஆயின் அச்சொல்லின் இறுதி எழுத்தாகிய 'ஈ' அதில் இல்லை. யூனிக்சை ஆக்கியோருள் ஒருவரான கென் தாம்சன், மீண்டும் செய்ய நேரின் அவ்வெழுத்தைச் சேர்ப்பதாகக் கூறியதாகச் சொல்வர். நிரல்மொழிக்கு அணுக்கமான வலைத்தொடர்பு நெறியிலும் இத்தகையது ஒன்றுண்டு. படிப்போர் எப்பக்கத்திலிருந்து வந்தனர் என்பதைக் குறிக்கும் 'ரெஃபரர்' என்னும் தலைப்பின் பெயரில், நடுவே இரட்டிக்கவேண்டிய 'ஆர்' என்னும் எழுத்து ஒன்று குறைந்து 1996ஆம் ஆண்டின் நெறிநூலில் இடம்பெற்றது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதே பொருளைத் தரும் பெயரோ பிழையின்றி இரட்டித்தே வரும்.

இவ்விளக்கநூல்களில் அகராதியை மட்டும் துணைக்கொண்டு ஒருவர் அவ்வெழுத்தைச் சேர்ப்பாராயின், ஆங்கிலம் திருந்தும், நூல் பொய்யாகும். அந்நூலை நம்பி எழுதிய நிரலும் பயன்படாது. 1999இல் வெளிவந்த நெறிநூல் இவ்விடத்து மேற்கொண்ட முறை பாராட்டத்தக்கது. பெயர் பிழைபட எழுதப்பட்டுள்ளது என்று குறித்துவிட்டுப் பெயரை அவ்வாறே விட்டது. மூலபாடத்தைக் காத்து, தம் கருத்தைக் குறிப்பில் வைக்கும் நல்ல பதிப்பாசிரியரின் நெறி இதுவே.

4. திருத்துவோர் நெறி

இவற்றால் பெறப்படுவன மூன்று. திருத்தப் புகுவோர், பிழை விதியில் உளதா, உரையில் உளதா, எடுத்துக்காட்டில் உளதா எனக் காண்டல் வேண்டும். அந்நூல் மொழிக்குச் சட்டமா, இயங்கும் மொழியொன்றன் வருணனையா எனத் துணிதல் வேண்டும். திருத்தியபின், பழைய பாடமும் திருத்திய நாளும் படிப்போர்க்குத் தெரியுமாறு அருகே குறித்தல் வேண்டும். இறுதியிற் கூறியது இன்று பெரிதும் புறக்கணிக்கப்படுகின்றது. இணையத்தில் உள்ள விளக்கநூல்கள் பல ஓசையின்றித் திருத்தப்படுகின்றன. மாற்றங்களின் பதிவேடு ஓரிடத்தில் இருப்பினும், பக்கத்தைப் படிப்போர் கண்ணுக்கு அது புலனாவதில்லை. நேற்றைய பாடத்தை நம்பி எழுதியவன் தான் ஏன் பிழைத்தான் என்பதை அறிய வழியின்றி நிற்கிறான்.

இப்பணியை இயந்திரத்துக்கே விட்டுவிடலாமே எனின், அதுவும் முழுதும் இயலாது. பைத்தான் மொழியில் 2001ஆம் ஆண்டு முதல் உள்ள 'டாக்டெஸ்ட்' என்னும் கருவி, நூலில் உள்ள எடுத்துக்காட்டை இயக்கி, நூல் கூறும் விடையோடு ஒப்புநோக்கும். ஏடு ஒப்புநோக்குவாரின் வேலையை அது சோர்வின்றிச் செய்கின்றது. ஆயினும் இரண்டும் வேறுபடுகின்றன என்று கூறுதலே அதன் எல்லை. நூல் பிழையா, இயந்திரம் பிழையா என அது கூறாது. வேறுபாடு காண்டல் ஒரு தொழில். பாடம் துணிதல் பிறிதொரு தொழில். பின்னையது நூலின் வரலாறும் நோக்கமும் அறிந்தார்க்கே உரியது. ஆகவே இதனைச் சிறுபணியென இகழாது, பதிப்புக்கலையின் ஒரு பிரிவாகவே கொண்டு பயிலுதல் தக்கது என்பது நம் துணிபு.